ஆறு பொத்தான்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அண்ணன் வைத்த பெயர்தான் நிலைத்தது: மூணுதரம். கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தால் மூன்று தரம் திருகிப் பார்ப்பாள். கடையில் மாத்திரை கொடுக்கும்போது சீட்டைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, மறுபடியும் சீட்டைப் பார்ப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விடட்டுமே. பதினெட்டு வருஷத்தில் அவள் கையால் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. நாற்பத்தொரு வயதாகிறது, கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "இன்னும் மூணாவது தரம் யோசிச்சு முடிக்கலை" என்பாள். மாடியில் அவள் குடித்தனம், கீழே அண்ணனும் அண்ணியும்.

இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி, ஞாயிறு மதியமானால் மூன்று பேரை வெள்ளத்திலும் வழிப்பறிக்காரர்களிடமும் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆறு வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கதை விளையாட்டு. அவள் கதை சொல்வாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா, சொதப்புமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பாதித் தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு நகரம், அதன் நடுவில் ஒரு மணிக்கூண்டு, அந்தக் கூண்டுக்குள் யாரும் போய்ப் பார்த்திராத ஒரு கதவு. அந்தக் கதவைத் தேடித்தான் ஆறு வருஷமாகப் பயணம். அண்ணி ஒரு வைத்தியச்சியாக வந்தார். அண்ணனின் பழைய நண்பர் தையல்காரர், ஈயை விரட்டக்கூடக் கையோங்காத மனிதர், ஆறடி உயரப் போர்வீரனாக வந்து கண்டவனையெல்லாம் வெட்டிச் சாய்த்தார். அண்ணன் வந்தது பூட்டுத் திருடனாக. பெயர் ஒற்றைச்சாவி.

அண்ணனுக்கு எடை ஆய்வாளர் உத்தியோகம். கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியா என்று சோதிக்கிற வேலை. சந்தேகப்பட்ட கல்லைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். அந்தப் புத்தியை வீட்டுக்கு வரும்போது வாசலில் கழற்றி வைக்கத் தெரியாத மனிதர். முந்நூற்று நாற்பது பக்க விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். "பக்கம் நூத்திப் பன்னெண்டு, கீழேயிருந்து மூணாவது வரி. படி. படிச்சிட்டுப் பேசு" என்று தங்கையை மடக்குவார். அவளும் விடமாட்டாள். கத்திக்கொள்ளாத ஞாயிறு கிடையாது. அண்ணி நடுவில் தேநீர்க் கோப்பையை வைத்துச் சண்டையை நிறுத்துவார்.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. கால் மெல்லத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியது. ஒரு சொல்லைத் தேடி வாயைத் திறந்தபடி காத்திருப்பார். எண்கள்தான் ரொம்ப மோசம். வாழ்நாளெல்லாம் எண்ணோடு குடித்தனம் நடத்தினவருக்கு, ஏழுக்கு அப்புறம் எது என்று கேட்டால் விழிக்க வேண்டியிருந்தது. சட்டம் பேசின அந்த மனிதர் எதற்கும் மறுப்பே சொல்லாமல், கொடுத்ததைச் சாப்பிட்டு, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். மூணுதரத்துக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஒரு நாள் அண்ணி மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"உங்கண்ணன் அந்த ரூல் புக்கை எடுத்து மடியில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார்டி."

"நல்லதுதானே அண்ணி?"

"தலைகீழா வச்சிருக்கார்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்மணியிடம் கேட்டாள். விளையாடட்டும், தாராளமாக விளையாடட்டும் என்றார் அவர். பிடித்தது எதுவோ அதைச் செய்ய விடுங்கள். "ஆனா மனசு விட்டுப்போகாம பாத்துக்குங்க. ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம்." அந்தம்மா பொதுவாகச் சொன்ன சொல் அது. நம்மவள் அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டாள். அவள் படித்த படிப்பில், மனசு விட்டுப்போகக் கூடாது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அண்ணன் தோற்கக் கூடாது.

பழைய விதிகள் ஆகாது. கூட்டல், கழித்தல், பக்கத்துக்கொரு அட்டவணை. வேறு எளிய விதிகள் வேண்டும். மதியம் இரண்டு மணிக்குமேல் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில், இருமல் மருந்து அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். தனியாளாக நாலு பேர் குரலிலும் முணுமுணுத்து ஆடிப் பார்த்தாள். முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

ஒன்று சீட்டுக்கட்டை வைத்து ஆடுவது. அழகான விதிகள். ஆனால் ஐந்து சீட்டை விசிறி மாதிரி பிடிக்க ஒரு கை, அதிலிருந்து உருவ ஒரு கை வேண்டும். அண்ணனுக்கு இருப்பது ஒன்று. மூடி வைத்துவிட்டாள். இன்னொன்றில் பகடையே இல்லை. பேசிப் பேசியே முடிவு செய்ய வேண்டும், யார் நன்றாக வாதாடுகிறாரோ அவர் பக்கம் கதை போகும். முன்பு என்றால் அண்ணன் ஒருவரே எல்லாரையும் தின்று ஏப்பம் விட்டிருப்பார். இப்போது? அவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தையல்காரர் கதையை முடித்துவிடுவார். அதையும் வைத்துவிட்டாள்.

மூன்றாவது பதினாறு பக்கம். ஒரே ஒரு பகடை, அதோடு ஆளுடைய திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டலை வெட்டினாள். திறமை எண்ணையும் வெட்டினாள். வெட்டி வெட்டி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். ஒன்றோ இரண்டோ விழுந்தால் சொதப்பல். மூன்றோ நாலோ என்றால் காரியம் நடக்கும், கூடவே ஒரு வம்பும் வரும். ஐந்தும் ஆறும் முழு வெற்றி. எழுத்துத் தெரியாத பாட்டிகளுக்கு மாத்திரை உறையில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுத்துப் பழகின கை அது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பகடையின் முகத்தையே புள்ளி புள்ளியாக வரைந்தாள். எண் தெரிய வேண்டாம், படத்தோடு பொருத்திப் பார்த்தால் போதும். உயிர்க் கணக்குக்கு எண் எதற்கு? ஆளுக்கு ஆறு பொத்தான். சொதப்பினால் ஒன்று போகும். வைத்தியச்சி ஒரு ஞாயிற்றுக்கு ஒரே ஒரு பொத்தானைத் திருப்பித் தரலாம்.

தையல்காரர் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான் கொண்டுவந்து கொட்டினார். தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"பொத்தான் தீர்ந்தா என்ன ஆகும்னு போடலையே?"

"போடணுமாண்ணே?"

"தீர்ந்தா ஆள் காலி. அதை எழுதிடும்மா. அது இல்லேன்னா நான் எதுக்குப் பயப்படப் போறேன்?"

எழுதினாள். ஆறு வருஷத்து ஒற்றைச்சாவி ஒரு பகடையில் போய்விட்டால்? அண்ணன் தாளைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டால்? மனசு விட்டுப்போனால்? மறுநாள் கடையில் அதே நினைப்பு. ஒரு சீட்டை ஐந்து தரம் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'எல்லாப் பகடையையும் கதை சொல்பவரே திரைக்குப் பின்னால் உருட்டுவார்.'

"அண்ணனுக்குப் படிக்கச் சிரமம் பாருங்க, அதான்" என்று மற்ற இருவரிடமும் சொன்னாள். புள்ளிகளை வரைந்தவளே அவள்தான். படிக்கத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும்.

மாடி மேஜை கீழே வந்தது. இருமல் மருந்துப் பெட்டியைப் பிரித்து மடித்து நிறுத்தியதுதான் திரை. முதல் ஞாயிறு அண்ணன் வந்து உட்கார்ந்தார். தாளை இடது கையால் தடவினார். பொத்தான்களை வரிசையாக வைத்தார்.

"ஒற்றைச்சாவி என்ன பண்றான்ணா?"

வெகு நேரம் கழித்துச் சொல் வந்தது. "ஏறுறான். சுவர்."

திரைக்குப் பின்னால் பகடை உருண்டது. ஒற்றைப் புள்ளி. அண்ணி எதிரே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு!" என்றாள்.

அண்ணி கைதட்டினார். அண்ணனின் முகம் இடப்பக்கம் மட்டும் சிரித்தது. எட்டு மாசம் கழித்து வந்த சிரிப்பு. அதைப் பார்த்த யாராக இருந்தாலும் அடுத்த தடவையும் பொய்தான் சொல்லியிருப்பார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பின் அண்ணன் தோற்கவே இல்லை. காவலாளி தூங்கிப்போனான். கயிறு அறுபடவில்லை. பூட்டுகள் எல்லாம் வெண்ணெயாகத் திறந்தன. அண்ணிக்கும் தையல்காரருக்கும் விழுந்ததை விழுந்தபடி சொன்னாள். அவர்கள் பொத்தான் இழந்தார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள். இரண்டாவது ஞாயிறு அண்ணன் சிரித்தது குறைவு. மூன்றாவது ஞாயிறு சிரிக்கவில்லை. நாலாவது ஞாயிறு கதையையே கவனிக்காமல், அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் காரணம் தேடினாள். களைப்பாக இருக்குமோ? விதி இன்னும் கடினமாக இருக்கிறதோ? அளவு போதவில்லையோ? நோயாளிக்கு மருந்து கேட்கவில்லை என்றால் ஒன்று அளவைக் கூட்டுவார்கள், அல்லது மருந்தை மாற்றுவார்கள். மருந்தே தப்பாக இருக்கலாம் என்று இவளுக்குத் தோன்றவில்லை. மூன்று தரம் சரிபார்க்கிறவள்தான். ஆனால் தான் எழுதின சீட்டை அவள் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணி மறுபடியும் மாடிப்படியில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம்னு ஞாபகப்படுத்தினேன். வேண்டாம்னு தலையாட்டிட்டார்."

"உடம்பு முடியலையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "ஏதோ வருத்தம்டி. என்னன்னு சொல்லத் தெரியல அவருக்கு."

சனிக்கிழமை முழுக்க அதையே யோசித்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மணிக்கூண்டுக் கதவு. ஆறு வருஷமாகத் தேடியதை நாளைக்கே கண்ணெதிரே நிறுத்திவிடலாம். ஒற்றைச்சாவி கையால் அது திறக்கட்டும். ஆறு என்று சொல்லிவிடலாம். அண்ணன் முகம் மலரும். அதற்குமேல் என்ன வேண்டும்?

ஞாயிறு. எப்படியோ தாஜா செய்து அண்ணி அவரை மேஜைக்கு அழைத்து வந்துவிட்டார். நனைந்த படிக்கட்டு, பாசி, கூண்டுக்கு வெளியே ஏறிக்கொண்டே வரும் தண்ணீர், கடைசியில் இரும்புக் கதவு. குரலைத் தாழ்த்தி நன்றாகத்தான் சொன்னாள். தையல்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"கதவுல ஒரே ஒரு பூட்டு. ஒற்றைச்சாவி என்ன பண்றான்ணா?"

அண்ணன் இடது கையை நீட்டித் தையல்காரர் முன்னால் இருந்த பொத்தானை மேஜை நடுவுக்கு இழுத்தார். ஒன்று. அண்ணி முன்னால் இருந்தவற்றை இழுத்து அதன் கீழே வைத்தார். இரண்டு. அவற்றின் கீழே தன்னுடையதை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். மேஜையின் பாதி தூரத்துக்கு நீண்டது அந்த வரிசை. ஆறு. முதல் நாள் வைத்த அதே ஆறு. எண்ணத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எது நீளம், எது குட்டை என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். எண்ணே வேண்டாம் என்று அவள்தானே பொத்தான் வைத்தாள்?

"எனக்கு... மட்டும்" என்றார் அண்ணன். வாய் திறந்தபடி காத்திருந்தார். "கள்ள... எடை."

அவளுக்கு முகம் பற்றிக்கொண்டது. "அண்ணா, அது வந்து... உனக்கு அதிர்ஷ்டம்..."

அவர் அவளுடைய வலது கையைச் சுட்டிக் காட்டினார். முப்பது வருஷம் கடைக்காரர்களின் விரலைப் பார்த்துப் பிழைத்த மனிதர். மற்றவர்களுக்கு உருட்டும்போது அவள் பகடையை அப்படியே கிடக்க விடுவாள், இவருக்கு உருட்டினால் மட்டும் விழுந்த நொடியே அள்ளிவிடுவாள். நாலு வாரமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"நீ தோத்துட்டா எங்கே எழுந்து போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அதான்ணா. வேற ஒண்ணுமில்ல."

அண்ணன் திரையைப் பிடித்து மேஜைமேல் சாய்த்தார். தன் வரிசையிலிருந்து ஐந்து பொத்தான்களை ஓரமாக ஒதுக்கினார், ஒரு காலத்தில் கள்ள எடைக்கல்லை ஒதுக்கின மாதிரியே. ஒன்றை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"குடு."

"வேண்டாம்ணா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணோ ரெண்டோ விழுந்தா ஒற்றைச்சாவி..."

"குடு."

அண்ணி அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பகடையை அண்ணன் கையில் வைத்தாள். பழக்கமில்லாத கை. உருட்டுவதற்குப் பதிலாகப் பகடையைத் தட்டிவிட்டது. அது பொத்தான்களில் இடித்து, தேநீர்க் கோப்பையைச் சுற்றி, மேஜை விளிம்பில் போய் நின்றது.

பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தரமும் பார்த்தாள். அவள் விரல்கள் தானாக அதை அள்ளப் போயின. அள்ளவிடாமல் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் தாளை இழுத்து, புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ரெண்டு" என்றாள் அவள். "சொதப்பல்."

அவர் கடைசிப் பொத்தானைத் தானே எடுத்து டப்பாவில் போட்டார். டிங் என்று ஒரு சத்தம். எழுந்து போய்விடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படி?" என்றார்.

"என்னண்ணா?"

"செத்தான். எப்படி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஒற்றைச்சாவி பூட்டுக்குள் கம்பியை விட்டான். கம்பி முறிந்தது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கதவை வெளிப்பக்கமாகத் தள்ளித் திறந்துகொண்டு வந்து அவனை அடித்து...

"இல்ல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகம் சிவந்திருந்தது. இடது கை மேஜையைத் தட்டியது.

"கதவு... உள்ள. உள்ளதான்... திறக்கும். நீ... சொன்னே. கிழவன்... சொன்னான்."

அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. தையல்காரருக்கு வந்தது. "அடேயப்பா, ஆமாம்! அந்தப் படகுக்காரக் கிழவன் சொன்னானே. ரெண்டு வருஷம் இருக்குமே!"

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுண்ணா. இப்போ அதுவா முக்கியம்?"

"முக்கியம்!"

"சரி, உள்பக்கம் திறக்கிற கதவுதான். பூட்டு உடைஞ்சு போச்சுன்னு வச்சுக்கோ."

"உடையல. கம்பிதான். நீ... சொன்னே. இப்ப."

"அப்போ உன் ஆளு எப்படித்தான் சாவான்?" குரல் உயர்ந்துவிட்டது. தன்னை அறியாமல் கத்தியே விட்டாள். "நீயே சொல்லித் தொலை!"

அண்ணன் யோசித்தார். நெற்றி சுருங்கியது. சொல்லைத் தேடினார், கிடைக்கவில்லை, கையை மேலே தூக்கி ஒரு சதுரம் வரைந்தார். "ஜன்னல்" என்றார் கடைசியில். "மேல. ஜன்னல்... வழியா... தண்ணி."

அண்ணி தேநீர்க் கோப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

ஜன்னல் வழியாக வந்த தண்ணீரில்தான் ஒற்றைச்சாவி செத்தான். விதிப்படி, நியாயமாக, கதவைத் திறக்காமலே செத்தான். அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அவள் முன்னாலிருந்த பேனாவை எடுத்து, தாளின் அடியில் இருந்த பொடி எழுத்து வரியின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். இடது கைக் கோடு, பாம்பு மாதிரி நெளிந்தது. அதன்பின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"புது... ஆளு" என்றார்.

பொத்தானை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு." நின்றார். எங்கேயோ இடித்தது. ஐந்து என்று வைத்ததை உற்றுப் பார்த்தார். அவள் நாக்கு நுனியில் 'நாலு' வந்து நின்றது. தையல்காரர் கூரையைப் பார்த்தார். அண்ணி மேஜைக்கு அடியில் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் எத்தனையோ தரம் பயந்திருக்கிறாள், இந்த மாதிரி பயந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் டப்பாவில் திரும்பப் போட்டார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒண்ணு" என்றார்.